விமானப் பணிப்பெண் உத்தியோகத்தின் வரலாறு

எஸ்.பி.எம். தேர்வை முடித்த பெண்பிள்ளைகள் தங்கள் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைத் தேடி வந்து யோசனை கேட்பது நம் தோட்டங்களில் இன்றும் உள்ள நல்ல வழக்கம். அப்படிக் கேட்பவர்களுள் சிலர் விமானப் பணிப்பெண் வேலையைப் பற்றி விசாரிக்கின்றனர். உயரம் எவ்வளவு இருக்க வேண்டும், எடை எவ்வளவு இருக்க வேண்டும், முகத்தில் தழும்பு இருந்தால் தள்ளிவிடுவார்களா என்பன அவர்களுடைய கேள்விகள். பெற்றோருடைய கேள்வி வேறு. “இது நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற வேலையா, ஐயா? எத்தனை வயதுவரை வைத்திருப்பார்கள்?” என்கின்றனர். இரு சாராரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெண் ஆகாய விமானத்தில் எதற்காக இருக்கிறாள்? உணவு பரிமாறுவதற்கா, கம்பெனியின் விளம்பரத்திற்கா, அல்லது வேறொன்றிற்கா? இக்கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விடைக்கேற்பவே அவளுடைய வயது, திருமணம், தாய்மை ஆகியவற்றைப் பற்றிய சட்டதிட்டங்களும் அமைந்தன.

இவ்வேலையை முதன்முதலில் பார்த்தவர் பெண்ணல்லர் என்பதைப் பலர் அறியார். 1912-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் செப்பலின் ஆகாயக் கப்பலில் பிரயாணிகளுக்குப் பணிவிடை செய்ய ஹைன்ரிக் கூபிஸ் என்ற ஆடவர் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் அவர் ‘ஹிண்டன்பர்க்’ ஆகாயக் கப்பலின் தலைமைப் பணியாளராக இருந்தார். 1937-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் அக்கப்பல் தீப்பற்றி விழுந்தபோது, பிரயாணிகளைச் சன்னல்கள் வழியாகக் குதிக்கச் செய்து தாமும் தப்பினார். பரிமாறும் கையே ஆபத்தில் காக்கும் கையாகவும் இருக்க வேண்டும் என்பது தொழிலின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்ட செய்தி.

பெண்கள் இத்தொழிலுக்கு வந்த கதை 1930-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த எல்லன் சர்ச் என்ற தாதி விமானம் ஓட்டக் கற்றிருந்தார். விமானியாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. போயிங் விமானப் போக்குவரத்துக் கம்பெனியின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்துக்குச் சென்று ஸ்டீவ் ஸ்டிம்ப்சன் என்ற அதிகாரியைக் கண்டு பேசினார். பெண்ணை விமானியாக அமர்த்த அந்நாளில் எந்தக் கம்பெனியும் முன்வராது. அதை உணர்ந்த எல்லன், ‘ஓட்ட விடாவிட்டால் போகட்டும், பயிற்சி பெற்ற தாதிகளையேனும் விமானத்தில் ஏற்றுங்கள்’ என்று யோசனை கூறினார். அக்காலத்து விமானங்கள் தாழப் பறந்து காற்றில் அல்லாடியவை. பிரயாணிகளுக்கு வாந்தியும் மயக்கமும் சாதாரணம். அச்சமோ அவற்றினும் பெரிது. தாதி கூட இருந்தால் நோய்க்கு மருந்தாகும். ஓர் இளம்பெண்ணே அஞ்சாமல் பறக்கிறாள் என்றால், அஞ்சும் ஆடவர் வெட்கப்பட்டாவது சீட்டு வாங்குவர். ஸ்டிம்ப்சனுக்கு இது பிடித்துப்போயிற்று. மேலிடத்தை இணங்கவைத்து எட்டுத் தாதிகளை மூன்று மாதப் பரீட்சையாக அமர்த்தினார்.

1930-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் எல்லன் சர்ச் முதன்முறையாகப் பணிப்பெண்ணாகப் பறந்தார். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து சிகாகோவுக்குப் பல இடங்களில் இறங்கி ஏறிச் செல்ல ஏறக்குறைய 20 மணி நேரம் பிடித்தது. விமானத்தில் 14 பிரயாணிகள் இருந்தனர். இவ்வேலைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: பதிவுபெற்ற தாதியாக இருக்க வேண்டும், திருமணமாகாதவராக இருக்க வேண்டும், வயது 25-க்கு உட்பட்டிருக்க வேண்டும், எடை 115 இராத்தலுக்கும் உயரம் 5 அடி 4 அங்குலத்திற்கும் மிகலாகாது. சம்பளம் மாதம் 125 டாலர். சிறிய விமானத்தில் கூரை தாழ்வு, ஒவ்வோர் இராத்தல் சுமையும் கணக்கு. ஆகையால் உயரத்துக்கும் எடைக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். திருமணத்துக்கு என்ன நியாயம்?

வேலையோ மென்மையானதன்று. பெட்டிகளைத் தூக்கினர், தளர்ந்த நாற்காலிகளைத் திருகாணி கொண்டு முடுக்கினர், ஈ அடித்தனர், எண்ணெய் நிரப்பவும், விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளவும் கைகொடுத்தனர். கழிவறையின் கதவென்று எண்ணி வெளிக்கதவைத் திறந்துவிடாதபடி பிரயாணிகளைக் கவனித்துக்கொண்டதும் அவர்களே. பரீட்சை வெற்றியாயிற்று. மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. எல்லன் சர்ச் ஒன்றரை ஆண்டுக்குப் பின் மோட்டார் விபத்தில் அடிபட்டு இத்தொழிலை விட்டார். பின்னர் இரண்டாம் உலகப்போரில் இராணுவத் தாதியாக விமானத்தில் சேவை செய்து பதக்கம் பெற்றார். ஐரோப்பாவில் முதன்முதலாக இவ்வேலைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் நெல்லி டீனர் அவ்வளவு காலம்கூட வாழவில்லை. 1934-இல் வேலைக்குச் சேர்ந்த அவர், அதே ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மனியில் நேர்ந்த விபத்தில் விமானத்திலிருந்த அனைவருடனும் மாண்டார்.

போர் வந்தபோது தாதிகள் எல்லாரும் இராணுவத்துக்குத் தேவைப்பட்டனர். ஆகவே தாதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்கக் கம்பெனிகள் கைவிட்டன. இத்தொழிலின் வரலாற்றில் இது பெரிய திருப்பம் என்பது என் கருத்து. கல்வித் தகுதி போயிற்று. இளமையும் எடையும் திருமணமின்மையும் மட்டும் நின்றன. தாதி என்னும்போது அவளுக்கு ஒரு கலை உண்டு, அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதை எடுத்துவிட்டால் அவள் யார்? கம்பெனிகள் தங்களுக்கு ஏற்ற விடையைச் சொல்லிக்கொண்டன. 1953-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், புதிதாகச் சேரும் பணிப்பெண்கள் 32 வயதில் விலக வேண்டும் என்று விதித்தது. மணமானால் அன்றே வேலை போயிற்று. 1960-களின் நடுவிலிருந்து, பெயர்பெற்ற உடையலங்காரக் கலைஞர்களைக் கொண்டு பணிப்பெண்களுக்கு வேடிக்கை வேடிக்கையான உடைகள் தைக்கப்பட்டன. 1971-இல் மற்றொரு கம்பெனி, பணிப்பெண்ணின் படத்தைப் போட்டு, ‘என்னில் பறந்து வாருங்கள்’ என்று இருபொருள்பட அவளே அழைப்பதாக விளம்பரம் செய்தது. அதைப் படித்த ஆடவர் சிரித்தனர். பணிப்பெண்கள் சிரிக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. இங்கிலாந்தில் மணமான பெண்ணை ஆசிரியை வேலையிலிருந்து நீக்கும் வழக்கம் பல ஊராட்சிகளில் நெடுங்காலம் இருந்தது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அதை ஒழித்தது. கற்பிக்கும் திறன் தாலி ஏறியதும் குறைந்துவிடுமா என்று அன்று கேட்டவர்கள் சிலரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மலாயன் ஏர்வேஸின் சிறிய ‘ஏர்ஸ்பீட் கான்சல்’ விமானம் சிங்கப்பூரின் காலாங் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்தது. மே மாதம் முதல் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் ஒழுங்கான சேவை தொடங்கிற்று. அவ்விமானத்தில் இடம் ஐந்து பிரயாணிகளுக்கே. பணிப்பெண் இல்லை, குளிர்ந்த நீர் நிறைந்த ஒரு தெர்மாஸ் குடுவையே உபசரணை. பெரிய விமானங்கள் வந்த பிறகுதான் பணிப்பெண்களும் வந்தனர். அக்கம்பெனி 1963-இல் மலேசியன் ஏர்வேஸ் ஆகிப் பின்னர் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று பெயர்பெற்றது. 1972-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இரு நாடுகளுக்கும் இரு கம்பெனிகளாகப் பிரிந்தது.

பிரிவதற்கு முன்பே, 1968-இல், பாரிஸ் நகரத்து உடையலங்காரக் கலைஞர் பியேர் பால்மெய்ன் சாரோங் கெபாயாவைப் பணிப்பெண்களுக்காகப் புதிதாக வடிவமைத்திருந்தார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. நீலம், பச்சை, சிவப்பு, கருஞ்சிவப்பு என்ற நிறங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அணிந்தவரின் பதவி வரிசையைக் காட்டுபவை. ‘சிங்கப்பூர்ப் பெண்’ என்ற விளம்பரம் உலகெங்கும் பரவியது. 1993-இல் இலண்டன் மதாம் டுசோ காட்சிசாலையில் அவளுக்கு ஒரு மெழுகுச் சிலையும் வைத்தனர். கெபாயா நம் வட்டாரத்துப் பெண்களின் கண்ணியமான உடை. அதைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும், விளம்பரத்தில் அப்பெண் வயதாகாமல் புன்னகை செய்துகொண்டே இருந்தாள். விமானத்தில் நின்ற பெண்ணுக்கோ ஆண்டுதோறும் வயது ஏறியது. இந்த முரண்பாடுதான் பின்னால் வழக்குமன்றங்கள் வரை சென்றது.

வழக்குகளைப் பேசுமுன், அப்பெண்ணின் கடமை என்னவென்பதை மெய்ப்பித்த சில நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள், சூரிச், சிங்கப்பூர் வழியாகச் சிட்னிக்குச் செல்ல இலண்டனிலிருந்து கிளம்பிய பி.ஓ.ஏ.சி. விமானத்தின் இயந்திரம் ஒன்று தீப்பற்றி அறுந்து விழுந்தது. விமானி சில நிமிடங்களில் திரும்பி வந்து தரையிறக்கிவிட்டார். பின்கதவில் நின்றவர் பார்பரா ஜேன் ஹாரிசன், வயது 22. கதவின் சறுக்குத் தடம் முறுக்கிக்கொண்டது; உடனிருந்த பணியாளர் அதைச் சரிசெய்யக் கீழே இறங்கினார். பின்பு மேலே ஏற வழியில்லாமற் போயிற்று. ஜேன் தனியாக நின்று பிரயாணிகளை வெளியே தள்ளினார். தாமும் குதித்திருக்கலாம், உள்ளே இன்னும் ஆட்கள் இருந்ததால் திரும்பிச் சென்றார். நடமாட இயலாத பிரயாணி ஒருவரின் அருகே அவருடைய உடல் கிடந்தது. விமானத்திலிருந்த 127 பேரில் 122 பேர் பிழைத்தனர். 1969-இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கராச்சியில் பான் ஆம் விமானத்தை ஆயுதபாணிகள் கைப்பற்றியபோது, பம்பாய் நகரில் வளர்ந்த நீரஜா பனோத் தலைமைப் பணிப்பெண்ணாக இருந்தார். அவர் எச்சரிக்கை தந்ததால் விமானிகள் தப்பினர். விமானத்தைக் கிளப்ப ஆளில்லாமற் போயிற்று. அமெரிக்கப் பிரயாணிகளைக் கொலையாளிகள் அடையாளம் காணாதபடி கடவுச்சீட்டுகளை மறைக்கச் செய்தார். இறுதியில் பிரயாணிகளைக் காப்பாற்றுகையில் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு 23 வயது நிரம்ப இரண்டு நாள் இருந்தது. இந்திய அரசு அசோக சக்கரம் வழங்கியது. நீரஜா விளம்பரங்களிலும் தோன்றிய அழகி. கதவண்டை அவர் செய்த காரியத்தில் அழகுக்கு வேலை இருக்கவில்லை.

உயிர்த்தியாகம் மட்டுமே கடமை என்று எண்ணிவிடலாகாது. பயிற்சி நன்றாக இருந்தால் தியாகத்துக்கே தேவை நேராது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் விமானத்தின்மீது மோதி எரிந்தது. சிறிய விமானத்தில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்ததால், பணியாளர்கள் கைக்குழல் பிடித்தும் தொண்டை கிழியக் கத்தியும் வழிகாட்டினர். எட்டுக் கதவுகளில் மூன்றே பயன்படத்தக்கவை. எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவுக்கு வெளியே தீ இருக்கிறது என்பதைச் சில விநாடிகளில் அவர்களே தீர்மானித்தனர்.

இதற்காகவே பயிற்சி. புதிதாக அமைக்கப்படும் விமான வகையிலிருந்து, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிகளுக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டவேண்டும். அமெரிக்காவில் 1967-இல் வந்த விதி இது. ஐம்பது இருக்கைகளுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்பதும் விதி. உணவுத் தட்டுகளின் எண்ணிக்கை கொண்டு இக்கணக்கு வந்ததன்று. புறப்படுமுன் ஒவ்வொரு கதவையும், திறந்தால் சறுக்குத் தடம் தானே விரியும்படி, பணியாளர் பூட்டிவைக்கின்றனர். சேர்ந்தபின் அதை மீட்டுவைக்கின்றனர். ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கிறார். விமானம் எழும்போதும் இறங்கும்போதும் அவர்கள் மடக்கு இருக்கையில் பேசாமல் அமர்ந்திருப்பதைப் பலர் ஓய்வென்று கருதுகின்றனர். ‘என் கதவு எது? நெருப்பு எங்கே வரலாம்? உதவி தேவைப்படும் முதியவர் யார்?’ என்று அவர்கள் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் நேரம் அது. நீரில் மிதத்தல், தீயணைத்தல், நின்ற இதயத்தை அழுத்தி உயிர்ப்பித்தல், விமானத்திலேயே பிரசவம் பார்த்தல் ஆகியவையும் பயிற்சியில் அடங்கும்.

உடலுழைப்பையும் மறைக்க வேண்டியதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தில் நின்றுகொண்டு, பாரவண்டி தள்ளி, நூற்றுக்கணக்கானவர்க்குச் சோறு பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் நாள்தோறும் வேறு நேரத்தில். தீபாவளியன்று வீட்டில் இருப்போம் என்பது நிச்சயமில்லை. காற்றின் கொந்தளிப்பு எதிர்பாராமல் வரும். 2024-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் அதில் சிக்கிப் பேங்காக்கில் இறங்கியதையும், பிரயாணி ஒருவர் இறந்ததையும் பத்திரிகைகளில் படித்தோம். இருக்கைப் பட்டியைப் போடச் சொல்லும் பெண்ணிடம் முகம் சுளிப்பவர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய வேலைக்கு இளமையும் கன்னிமையும் ஏன் நிபந்தனையாக வேண்டும்? அமெரிக்கப் பணிப்பெண்கள் 1945-இலேயே தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டவர்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் முதலில் முறையிட்டவர்களுள் அவர்களும் இருந்தனர். மணம் செய்ததற்காக 1966-இல் நீக்கப்பட்ட மேரி ஸ்ப்ரோஜிஸ் என்பவர் 1971-இல் வழக்கில் வென்றார். அதே ஆண்டில் தீர்ப்பான இன்னொரு வழக்கு அதனினும் சுவையானது. தொடுத்தவர் செலியோ டியாஸ் என்ற ஆடவர். ஆணென்பதால் தம்மை வேலைக்கு எடுக்கவில்லை என்றார். பிரயாணிகள் பெண்களின் பணிவிடையையே விரும்புகின்றனர் என்று பான் ஆம் கம்பெனி வாதாடியது. விமானக் கம்பெனியின் முதற்காரியம் பிரயாணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதே, மகிழ்வூட்டுவது அதற்குப் பிற்பட்டதே என்று மேல்முறையீட்டு மன்றம் கூறி டியாஸின் பக்கம் தீர்த்தது. அப்பெண் எதற்காக இருக்கிறாள் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொன்ன நாள் அது. விடையைப் பெற்றுத் தந்தவர் ஓர் ஆண் என்பது வேடிக்கை!

இந்தியாவில் ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் 35 வயதில் விலகவேண்டும். சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணமுடித்தாலோ முதன்முறை கருவுற்றாலோ வேலை இல்லை. நெர்கேஷ் மீர்சாவின் பெயரால் வழங்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-இல் கருவுற்றவரை நீக்கும் விதியை அடியோடு தள்ளியது. தாய்மையை இழிவுபடுத்தும் விதி என்று கடிந்துரைத்தது. ஆனால் நான்கு ஆண்டு மணத்தடையை அனுமதித்தது. பாதி வெற்றி என்றே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் வழக்கு இவ்வளவு சாதகமாக முடியவில்லை. மலேசிய ஏர்லைன்ஸ் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் 1991-இல் கருவுற்றார். அப்படியானால் விலகவேண்டும் என்று தொழிற்சங்கத்துடன் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அவர் விலக மறுத்தார், நீக்கப்பட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2001-இல், அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பாலினத்தால் வேற்றுமை காட்டலாகாது என்ற சொல் சேர்க்கப்பட்டது. அதுவும் உதவவில்லை. அப்பிரிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமேயன்றி முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. பதினான்கு ஆண்டுகள் போராடிய அம்மாதுக்குக் கிடைத்த விடை இது. தொழிற்சங்கமே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்பதைச் சங்கப் பொறுப்பாளர்கள் மறக்கலாகாது.

இதன் தொடர்ச்சி நம் தொழிலிலேயே நிகழ்ந்தது. தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்த ஒருவர் கருவுற்றிருப்பது தெரிந்ததும் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அங்கே முதலாளி அரசாங்கம். ஆகவே 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 8-ஆம் பிரிவைக் கொண்டே அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் வேலையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு வரப் பின்னும் பன்னிரண்டு ஆண்டு சென்றது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், கருவுற்ற காரணத்தால் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதைத் தடுத்தது. பிரசவ விடுப்பையும் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கருவுற்ற பணிப்பெண்களை விலகச் செய்த பழைய வழக்கத்தை 2022-இல் கைவிட்டு, தரையில் வேறு வேலை பார்த்துப் பின் பறக்கத் திரும்பும் வழியை ஏற்படுத்தியது.

ஆகவே, ‘எத்தனை வயதுவரை?’ என்று கேட்கும் பெற்றோர், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிப்பது யார் கையில், தாய்மைக்குப்பின் பறக்கும் வேலை திரும்பக் கிடைக்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் உயரத்தை அளப்பதோடு நில்லாமல் நீச்சலும் ஆங்கிலமும் மலாயும் திருத்தமாகப் பழக வேண்டும். தமிழை விடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் விமானங்களில், முதன்முதலாக வானம் ஏறும் பாட்டிக்குப் பட்டியை மாட்டச் சொல்லிப் புரியவைக்க அதுதான் உதவும்.

வாஷிங்டனுக்கும் பாஸ்டனுக்கும் இடையே பறந்த பெட்டி நாஷ் என்ற அம்மையார் 1957-இல் இவ்வேலையில் சேர்ந்தார். மணமானால் விலகவேண்டும் என்ற விதி அமெரிக்கக் கம்பெனிகளில் கோலோச்சிய காலம். மாற்றுத்திறனாளியான தம் மகனைக் கவனிக்க இரவுதோறும் வீடு திரும்ப வேண்டியிருந்ததால் அந்தக் குறுகிய வழியையே அவர் தேர்ந்துகொண்டார். மிக நீண்டகாலம் பணியாற்றியவர் என்று 2022-இல் கின்னஸ் நூல் அவரைப் பதிவு செய்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் தமது 88-ஆம் வயதில் அவர் காலமானபோதும், வேலையிலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றிருக்கவில்லை.